தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டியவை

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவில் வளர்ந்துவிடும்போது, வாயை மூடினாலும் பற்கள் சரிவர ஒன்றோடொன்று சேர்வதில்லை. பற்களுக்குக் கம்பி கட்டுவதால் மட்டும் இக்குறையை நீக்க இயலாத நிலையில், தாடை எலும்பையே வெட்டி, உரிய இடத்துக்கு நகர்த்தி, அங்கே நிலைநிறுத்தும் சிகிச்சை தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை எனப்படுகிறது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னும் பின்னுமாக முழுச் சிகிச்சையும் நிறைவுபெற ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்ளாத குடும்பங்களே பின்னர் மிகுந்த ஏமாற்றத்துக்கு உள்ளாகின்றன.

யாருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது

எத்துப்பல் உள்ள அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. பற்கள் மட்டும் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் கம்பி சிகிச்சையே போதுமானது. கீழ்த்தாடை குறுகியிருப்பதால் மேற்பற்கள் முன்னே நிற்பதாகத் தோன்றுவது வேறு. கீழ்த்தாடை அளவுக்கு மீறி வளர்ந்து கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்துவிடுவது வேறு. சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்களுக்கு இடையே இடைவெளி நிற்கும். தோசையையோ பழத்தையோ முன்பற்களால் கடித்துத் துண்டாக்க இயலாது. சிலருக்குத் தாடை ஒரு பக்கமாகக் கோணி வளர்ந்திருக்கும். சிரிக்கும்போது ஈறு மிகையாகத் தெரிவதும், உதடுகளை வலிந்து மூட வேண்டியிருப்பதும் மேல்தாடை நீண்டு வளர்ந்திருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம்.

பிறவியில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருந்து, குழந்தைப் பருவத்தில் அதற்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். அண்ணத்தில் உண்டான வடு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பதால், இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பதின்பருவத்தின் முடிவில் மேல்தாடையை முன்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். அவ்வாறு நகர்த்தும்போது அண்ணத்தின் பின்பகுதிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையிலான தொலைவு கூடி, பேச்சில் மூக்கொலி மிகலாம். ஆகவே இவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேச்சுப் பயிற்சி வல்லுநரின் மதிப்பீட்டைப் பெறுதல் அவசியம்.

உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளோரில் சிலருக்கு இரு தாடைகளையும் முன்னுக்கு நகர்த்தி மூச்சுப்பாதையை அகலப்படுத்தும் நோக்கிலும் இதே அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இதன் மறுபக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்தள்ளிய கீழ்த்தாடையைப் பின்னுக்கு நகர்த்தினால் நாக்குக்குப் பின்னுள்ள இடம் குறையக்கூடும். உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறி விழித்தல் போன்றவை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்; அதற்கேற்ப எந்தத் தாடையை எவ்வளவு நகர்த்துவது என்னும் திட்டமே மாறலாம்.

எந்த வயதில்

முகத்தின் வளர்ச்சி முடிந்த பின்னரே இச்சிகிச்சை பொதுவாக மேற்கொள்ளப்படுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 16 வயதுக்கு மேலும், ஆண்களுக்கு 18 வயதுக்கு மேலும் இந்நிலை எட்டப்படுகிறது. கீழ்த்தாடை முன்தள்ளி வளர்பவர்களுக்கு வளர்ச்சி இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கக்கூடும். ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே இருமுறை எடுத்து, இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்த பின்னரே நாள் குறிப்பர். வளர்ச்சி முடியும் முன் அவசரப்பட்டுச் செய்தால் தாடை மீண்டும் வளர்ந்து, செய்த சிகிச்சை வீணாகிவிடும்.

‘திருமணத்துக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டோம், மூன்று மாதத்தில் முடித்துத் தர இயலுமா’ என்று பெற்றோர் கேட்பது வழக்கமாகிவிட்டது. இயலாது என்பதே நேர்மையான விடை. அவசரத்துக்காகச் சுருக்கப்பட்ட சிகிச்சையின் விளைவை அந்தப் பெண்ணோ பிள்ளையோ வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும். மேலும், அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் நோயாளியே. பெற்றோரின் விருப்பத்துக்காக மட்டும் வருபவர், வலியும் வீக்கமும் மிகுந்த முதல் இரண்டு வாரங்களைக் கடக்க மிகவும் துன்புறுகிறார். மருத்துவர் நோயாளியுடன் தனியே பேச விரும்பினால் குடும்பத்தினர் அதற்கு இடம் தர வேண்டும்.

முடிவெடுக்க வேண்டிய தருணம்

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரத்தில் முடிவு செய்ய இயலாது. கம்பி கட்டுவதற்கு முன்பே அம்முடிவை எடுத்தாக வேண்டும். இப்பக்கத்தில் உள்ளவற்றுள் மிகவும் இன்றியமையாத செய்தி இதுவே. அதன் காரணம் வருமாறு.

தாடைகள் பொருந்தாதபோது, பற்கள் தாமாகவே சாய்ந்து அக்குறையை ஓரளவு மறைத்துக்கொள்கின்றன. கீழ்த்தாடை முன்தள்ளியவருக்குக் கீழ்ப்பற்கள் உள்ளே சாய்ந்தும் மேற்பற்கள் வெளியே சாய்ந்தும் இருக்கும். எலும்பை உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டுமானால் இப்பற்களை முதலில் அவற்றின் எலும்புக்கு நேராக நிமிர்த்த வேண்டும். அவ்வாறு நிமிர்த்தும் 12 முதல் 18 மாத காலத்தில் மறைந்திருந்த குறை முழுவதும் வெளிப்படும். கீழ்ப்பற்கள் மேலும் முன்னே வருவதாகத் தோன்றும், மெல்லுவது கடினமாகும், முகத்தோற்றம் முன்னைவிட மோசமாகிவிட்டதாக நோயாளி எண்ணுவார். சிகிச்சை தவறாகிவிட்டது என்று பலர் அஞ்சுவது இக்கட்டத்தில்தான். உண்மையில் சிகிச்சை திட்டப்படியே நடைபெறுகிறது. ஆனால் இந்நிலையில் ஒருவர் மனம் மாறி அறுவை சிகிச்சை வேண்டாம் என்று விலகினால், தொடங்கியபோது இருந்ததைவிட மோசமான கடிப்புடன் நிற்க நேரிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குறை இலேசாக இருந்தால் அறுவை சிகிச்சை இன்றி, சில பற்களைப் பிடுங்கி, கம்பியால் குறையை மறைக்கும் சிகிச்சையும் உண்டு. அது பலருக்குப் போதுமானதும்கூட. ஆனால் அவ்வழியில் சென்ற பின் ‘இப்போது தாடையை நகர்த்துங்கள்’ என்று கேட்டால், பிடுங்கிய பற்களும் சாய்த்த பற்களும் பெரும் இடையூறாகின்றன. எனவே பல் சீரமைப்பு மருத்துவர், வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவர் ஆகிய இருவரையும் ஒரே காலத்தில் சந்தித்து, இருவரும் ஒப்பும் திட்டத்தை எழுத்தில் பெற்ற பின்னரே முதல் கம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும். தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு முதலில் அறுவை சிகிச்சையையும் பின்னர் கம்பி சிகிச்சையையும் செய்யும் முறையும் நடைமுறையில் உள்ளது. எல்லோருக்கும் அது பொருந்தாது.

ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு தெரிவே. தாடைப் பொருத்தமின்மை உயிருக்கு ஊறு விளைவிப்பதன்று. உணவை மெல்ல முடிகிறது, உறக்கத்தில் மூச்சுக்குத் தடையில்லை, தோற்றம் குறித்து மனக்குறையும் இல்லை என்பவர், பிறர் சொல்லுக்காக இச்சிகிச்சையை மேற்கொள்ள வேண்டியதில்லை.

முன்னேற்பாடுகள்

பற்களின் அச்சுகள், எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், முகப் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு எலும்பும் எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கப்படும். அதற்கேற்பப் பற்களுக்கு இடையே வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று செய்யப்படும். கணினித் திரையில் காட்டப்படும் எதிர்கால முகம் ஒரு மதிப்பீடே. அது உறுதிமொழி ஆகாது.

கீழ்த்தாடையில் ஞானப்பல் எலும்புக்குள் புதைந்திருந்தால், வெட்ட வேண்டிய இடத்திலேயே அது அமைந்திருப்பதால், சில மருத்துவர்கள் ஆறு மாதங்களுக்கு முன்பே அதை அகற்றிவிடுவர். இரத்தச்சோகை இருந்தால் முன்னரே சரிசெய்யப்பட வேண்டும். பின்னர் சில வாரங்கள் திரவ உணவே உண்ண வேண்டியிருப்பதால், ஹீமோகுளோபின் குறைவாக உள்ள இளம்பெண்கள் இதில் அலட்சியம் காட்டக்கூடாது. புகைபிடித்தல் எலும்பும் ஈறும் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பாக்கு, குட்கா, மென்று சுவைக்கும் புகையிலை ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு வாயின் உட்தோல் இறுகி வாய் திறப்பது குறைந்திருக்கலாம். அந்நிலையில் அறுவை சிகிச்சையே கடினமாகும். இப்பழக்கத்தைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்துவதுடன், உண்மையை மயக்க மருத்துவரிடம் கூறவும் வேண்டும். வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமைக்கான மருந்துகள், கருத்தடை மாத்திரைகள், நாட்டு மருந்துகள் என உட்கொள்ளும் அனைத்தையும் தெரிவிக்க வேண்டும்.

செலவு குறித்தும் ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உள்ளவர்கள், தமக்குத் திட்டமிடப்பட்டுள்ள சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சையும் கம்பி சிகிச்சையும் தனித்தனிச் செலவுகள் என்பதால் இரண்டையும் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டாண்டுக் கால மாதாந்திரப் பயணச் செலவும், வேலை இழப்பும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவை.

அறுவை அரங்கில் நடப்பது

சிகிச்சை முழு மயக்கத்தில் நடைபெறுகிறது. வாய்க்குள் வேலை நடப்பதால் சுவாசக் குழாய் மூக்கின் வழியாகச் செலுத்தப்படும். ஒரு தாடைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், இரு தாடைகளுக்கும் சேர்த்து நான்கைந்து மணி நேரமும் ஆகலாம். வெட்டுகள் வாய்க்குள்ளேயே அமைவதால் முகத்தில் வடு தெரியாது; திருகாணியைச் செலுத்துவதற்காகச் சிலருக்குக் கன்னத்தில் சில மில்லிமீட்டர் அளவில் சிறு துளை மட்டும் இடப்படும்.

மேல்தாடையில், பல் வேர்களுக்கு மேலே கிடைமட்டமாக எலும்பு வெட்டப்பட்டு, பற்களும் அண்ணமும் அடங்கிய பகுதி முழுவதும் விடுவிக்கப்பட்டு நகர்த்தப்படும். முக எலும்பு முறிவுகளின் போக்கை 1901-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் என்பவரின் பெயரால் இவ்வெட்டு அழைக்கப்படுகிறது. உங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் ‘லெ ஃபோர்ட் 1’ என்றிருந்தால் அது இதையே குறிக்கும். கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் இருபுறமும் எலும்பு நெடுக்குவாட்டில் இரு தகடுகளாகப் பிளக்கப்படுகிறது. பிளந்த தகடுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி நகர்வதால், தாடையை முன்னோ பின்னோ நகர்த்தினாலும் எலும்புக்கு எலும்பு தொடுகை இருந்துகொண்டே இருக்கும். அதனால் விரைவில் கூடுகிறது. 1957-ஆம் ஆண்டில் ஹூகோ ஓப்வெகேசர் விளக்கிய இம்முறையே, பிற்காலத் திருத்தங்களுடன், இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. தேவைப்பட்டால் மோவாய் எலும்பும் தனியே வெட்டி நகர்த்தப்படும்.

நகர்த்திய எலும்புகள் டைட்டானியத்தாலான சிறு தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்தப்படுகின்றன. இவை பெரும்பாலும் நிரந்தரமாக உள்ளேயே இருக்கலாம். தொற்று ஏற்பட்டாலோ உறுத்தினாலோ மட்டும் பின்னர் அகற்றப்படும். முற்காலத்தில் ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டி வைத்தனர். தற்போது பெரும்பாலோருக்கு ரப்பர் வளையங்கள் மட்டுமே இடப்படுகின்றன.

முதல் சில நாட்கள்

விழித்தெழும்போது மூக்கு அடைத்திருக்கும், தொண்டை வலிக்கும், வாயில் எச்சிலும் இரத்தமும் கலந்து வடியும். அறுவையின்போது விழுங்கிய இரத்தம் முதல் நாளில் காப்பி நிற வாந்தியாக வெளிவரலாம். இதைக் கண்டு உடனிருப்பவர் பதற வேண்டியதில்லை. செவிலியரிடம் தெரிவித்து, நோயாளியை முன்னோக்கிச் சாய்த்து அமர்த்தினால் போதும். திரவம் பற்களின் இடைவெளி வழியே வெளியேறிவிடும். வாய் இறுகக் கட்டப்பட்டு வீடு திரும்புவோர், ரப்பர் வளையத்தை வெட்டும் கத்தரிக்கோலையோ கம்பி வெட்டியையோ எந்நேரமும் அருகில் வைத்திருக்க வேண்டும். எதை, எங்கே வெட்டுவது என்பதை மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே பராமரிப்பாளர் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீக்கம் உடனே உச்சத்தை அடைவதில்லை. இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் மிகும். அறுவை சிகிச்சை முடிந்த மாலையில் இருந்ததைவிட மூன்றாம் நாள் முகம் பெருத்துக் காணப்படுவது இயல்பே. தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும், முதல் இரண்டு நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இடைவெளி விட்டு ஒற்றுவதும் பயன் தரும். முகம் மரத்திருப்பதால் பனிக்கட்டியின் கடுமை தெரியாது. நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. பெரும்பகுதி வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் வடியும். எஞ்சியது முழுமையாக வடிய ஆறு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அதுவரை இறுதித் தோற்றத்தை மதிப்பிட முயல வேண்டாம்.

மேல்தாடையில் அறுவை நடந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சிறிதளவு இரத்தம் கலந்த மூக்கு நீர் ஒரு வாரம் வரை வரலாம்.

வலி பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நோயாளிகள் கூறுகின்றனர். அவர்களை வாட்டுவது வேறு: வாயைத் திறக்க இயலாமை, மூக்கடைப்பு, உறக்கமின்மை, உணவின்மீதான ஏக்கம். நான்காம் நாளிலிருந்து இரண்டாம் வாரம் வரை மனச்சோர்வு தலைதூக்கும். கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் அன்று, எதிர்பார்த்த முகமும் அன்று. ‘இதை ஏன் செய்துகொண்டேன்’ என்று அழுபவர் பலர். இது பெரும்பாலும் வீக்கத்துடன் சேர்ந்து வடிந்துவிடும். இக்காலத்தில் உறவினர் கூடிவந்து ‘முகமே மாறிப்போயிற்றே’ என்று வியப்பதைத் தவிர்க்கச் செய்வது பராமரிப்பாளரின் கடமை. பேச இயலாதபோது எழுதிக்காட்ட ஒரு குறிப்பேடோ கைப்பேசியோ அருகில் இருக்கட்டும். இரண்டு வாரம் கடந்தும் சோர்வு நீங்கவில்லை என்றால், அல்லது வாழ விருப்பமில்லை என்ற பேச்சு எழுந்தால், தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

உணவு

வீட்டுக்குச் சென்றபின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அடுக்களையில்தான் முடிவாகின்றன. முதல் இரண்டு வாரங்கள் திரவ உணவு. பின் ஏறத்தாழ ஆறாம் வாரம் வரை மெல்லத் தேவையில்லாத குழைந்த உணவு. இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாக வழக்கமான உணவு என்பது பொதுவான ஒழுங்கு. உங்கள் அறுவை மருத்துவர் வேறு கால அளவு கூறினால் அதையே பின்பற்ற வேண்டும்.

பழச்சாறும் இளநீரும் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது பராமரிப்பாளர்கள் செய்யும் பொதுவான தவறு. அவற்றில் நீர் உண்டு. எலும்பு கூடுவதற்கான புரதம் இல்லை. பால் சேர்த்த சத்துமாவுக் கஞ்சி, நன்கு கரைத்த கேழ்வரகுக் கூழ், மசித்து வடிகட்டிய பருப்பில் ஒரு கரண்டி நெய், கெட்டி மோர், வேகவைத்த காய்கறியும் பருப்பும் சேர்த்து அரைத்த சாறு, அசைவம் உண்போருக்கு எலும்புத் துணுக்குகள் இன்றி வடிகட்டிய கோழி அல்லது ஆட்டுக்கால் சூப் ஆகியவை ஏற்றவை. பச்சை முட்டையைக் கலக்கிக் கொடுக்க வேண்டாம். நன்கு வேகவைத்து, பாலுடனோ கஞ்சியுடனோ மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கலாம். ரசத்தைக் கடுகு, மிளகு, கறிவேப்பிலை ஆகியவை நீங்க வடிகட்டித் தர வேண்டும். தையலில் சிக்கும் ஒரு கடுகு பெருந்தொல்லை தரும். காரமும் புளிப்பும் காயத்தில் எரிச்சலை உண்டாக்கும்.

ஒரே வேளையில் நிறையக் கொடுக்க இயலாது. நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை சிறிது சிறிதாகக் கொடுத்து, மொத்தத் திரவம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளோர் இவ்வளவை மருத்துவரிடம் கேட்டுப் பின்பற்ற வேண்டும். உறிஞ்சு குழலால் உறிஞ்சக் கூடாது. ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தி, கன்னத்தின் உட்புறமாக மெதுவாகச் செலுத்தலாம். உணவின் சூட்டை முதலில் பராமரிப்பாளர் தம் கையில் விட்டுப் பார்க்க வேண்டும். மரத்த உதடு சுடுவதை உணராது. உடல் எடை சில கிலோ குறைவது வழக்கமே. சர்க்கரை நோய் உள்ளோர் மாத்திரை, இன்சுலின் அளவுகளைத் திரவ உணவுக்கு ஏற்ப மாற்றிப் பெற்றுக்கொள்ளாமல் வீடு திரும்பக் கூடாது.

மாத்திரைகளை விழுங்க இயலாதவர்கள் சிரப் வடிவில் கேட்டுப் பெறலாம். எல்லா மாத்திரைகளையும் பொடி செய்யலாம் என்று எண்ண வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு முறை உண்ட பின்னும் வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சிறு பல்தூரிகையால் கம்பிகளையும் பற்களையும் துலக்க வேண்டும். தையல்கள் பெரும்பாலும் தாமாகவே கரைந்துவிடும்.

உதடு மரத்துப்போதல்

கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வைத் தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே செல்கிறது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபடுகிறது அல்லது நசுங்குகிறது. ஆகவே கீழ்த்தாடையில் அறுவை செய்துகொண்ட பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் உதடும் மோவாயும் மரத்திருக்கும். இது அசைவைப் பாதிப்பதில்லை. சிரிப்பும் பேச்சும் வழக்கம்போல் அமையும். ஆனால் உதட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கை தெரியாது. நீர் வழிவது தெரியாது. ஆண்களுக்கு முகம் மழிக்கும்போது கவனம் தேவைப்படும்.

உணர்வு வாரங்கள், மாதங்கள் கடந்து மெல்லத் திரும்பும். எறும்பு ஊர்வது போன்றும் ஊசி குத்துவது போன்றும் தோன்றுவது நரம்பு மீள்வதன் அறிகுறியாக இருக்கலாம். ஓராண்டுக்கு மேலும் சிலருக்கு முன்னேற்றம் தொடர்கிறது. இருப்பினும் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினருக்கு ஏதேனும் ஓரிடத்தில் உணர்வுக் குறைவு நிரந்தரமாக நின்றுவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. வயது கூடியவர்களுக்கும், மோவாய் எலும்பும் சேர்த்து வெட்டப்பட்டவர்களுக்கும் இவ்வாய்ப்பு கூடுதல். ஒப்புதல் படிவத்தில் இது ஒரு வரியாக இருக்கும். கையொப்பமிடும் முன் அந்த வரியின்மீது கேள்வி கேளுங்கள். நாதசுரம், புல்லாங்குழல் போன்ற கருவிகளை வாசிப்போருக்கும், தொழில்முறைப் பாடகர்களுக்கும் இது வாழ்வாதாரத்தைத் தொடும் செய்தி. அவர்கள் தம் தொழிலை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

பிற பாதிப்புகள்

தொற்று, எதிர்பாராத இடத்தில் எலும்பு பிளத்தல், பற்களுக்கோ ஈறுக்கோ சேதம், தாடை மூட்டில் வலி, மூக்கின் அடிப்பகுதி சற்று அகலுதல் ஆகியவை ஏற்படக்கூடும். நகர்த்திய தாடை காலப்போக்கில் ஓரளவு பழைய இடத்தை நோக்கித் திரும்பவும் வாய்ப்புண்டு. பெருமளவு நகர்த்தப்பட்டவர்களுக்கு இது மிகுதி. ரப்பர் வளையங்களைச் சொன்ன நேரப்படி மாட்டிக்கொள்ளாமை இதைக் கூட்டும். சிலருக்கு இரண்டாம் முறை அறுவை தேவைப்படலாம்.

மூச்சு விடுவதில் சிரமம், மூக்கிலோ வாயிலோ நிற்காமல் வரும் புதிய சிவந்த இரத்தம் ஆகியவை ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மேல்தாடை அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் கழித்தும் மூக்கில் திடீரென மிகுந்த இரத்தக்கசிவு ஏற்படக்கூடும்; நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறைந்துவந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் மீண்டும் கூடுதல், காய்ச்சல், சீழ், துர்நாற்றம், பற்கள் சேரும் விதம் திடீரென மாறுதல், கெண்டைக்கால் வலியுடன் வீங்குதல் ஆகியவற்றையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வோர் மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தாடை, எந்த நாளில், ரப்பர் வளையம் வெட்டப்படலாமா கூடாதா என்பது தெரியாமல் எங்களைப் போன்ற மருத்துவ அலுவலர்கள் செய்யக்கூடியது குறைவு.

வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புதல்

மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பலாம். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரு மாதங்களில் நாள் குறிக்காமல் இருப்பது நல்லது. சுமை தூக்குவோர், வயல்வேலை செய்வோர் ஆறு முதல் எட்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். கபடி, கால்பந்து போன்று முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டுகளை மருத்துவர் அனுமதிக்கும்வரை, குறைந்தது மூன்று மாதங்கள், தவிர்க்க வேண்டும். தலைக்கவசத்தின் பட்டை தாடையை அழுத்துவதால் முதல் சில வாரங்கள் இருசக்கர வாகனம் ஓட்டாதிருப்பது நலம். தலைக்கவசமின்றி ஓட்டுவது இதற்குத் தீர்வன்று.

வாய் திறப்புப் பயிற்சிகளை மருத்துவர் கூறிய நாளில் தொடங்க வேண்டும். முதலில் ஒரு விரல் அளவும், பின் இரு விரல்கள், மூன்று விரல்கள் அளவும் வாய் திறக்கும். கம்பி சிகிச்சை மேலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் தொடரும். அறுவை முடிந்து முகம் சீரானதும் மாதாந்திர வருகையை நிறுத்திவிடுவோர் உண்டு. கடிப்பு இறுதி வடிவம் பெறுவது இம்மாதங்களில்தான். கம்பி அகற்றிய பின் பற்கள் நகராதிருக்கத் தரப்படும் தக்கவைப்புத் தகட்டை மருத்துவர் கூறும் காலம்வரை, பெரும்பாலும் பல ஆண்டுகள், இரவில் அணிந்துகொள்ள வேண்டும்.